ஒரே கம்பத்தில் இரண்டு லைன்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குப் போகிற டிராக்டர்கள் டிரெய்லரின் விளிம்பைத் தாண்டிக் கரும்பை அடுக்கிக்கொண்டு வரும். மின்கம்பத்துக்கு மின்கம்பம் தாவி, தெருவின் குறுக்கே தொய்ந்து கிடக்கிற ஃபைபர் வயரில் ஒரு கட்டு மாட்டினால் போதும், அறுத்துக்கொண்டு போய்விடும். ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கடைக்குள் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். கரும்பு இல்லாத மாதத்தில் சாலை தோண்டும் ஜே.சி.பி. அந்த வேலையைச் செய்யும்.

எனக்குத் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் இதற்குத்தான் இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கி வைத்திருந்தார். மாதம் இரண்டு பில். ஒருநாள் இரண்டு பெட்டியிலும் சிவப்பு. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு வயரும் ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி வந்திருந்தன. பில் இரண்டு, பாதை ஒன்று.

மாற்று ஏற்பாடு என்று நாம் செய்கிற பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. இரண்டாவது லைன் கேட்கும்போது மாத வாடகையைக் கேட்கிறோம், வேகத்தைக் கேட்கிறோம். எந்தத் தெரு வழியாக, எந்தக் கம்பத்தில் வருகிறது என்று கேட்பதில்லை. முதல் லைன் கம்பியில் வந்தால் இரண்டாவது காற்றில் வரட்டும். அதாவது சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர், அல்லது சும்மா கிடக்கும் பழைய போனில் ஹாட்ஸ்பாட். ஒரு பில்லிங் கம்ப்யூட்டருக்கு அது போதும். நாலைந்து கம்ப்யூட்டர் ஓடுகிற அரிசி ஆலை, ஜவுளிக்கடை என்றால் இரண்டு இணைப்பையும் சொருகக்கூடிய ரவுட்டர் ஒன்று வாங்கிவிடலாம். ஒன்று செத்தால் தானாக அடுத்ததற்கு மாறிக்கொள்ளும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு இன்வாய்ஸ் கட்டாயம். போர்ட்டல் திறக்காவிட்டால் லோடு ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும் என்பதால் அவர்களுக்கு இது ஆடம்பரச் செலவாகாது.

அடுத்தது மின்சாரம். பழைய செம்புக் கம்பி டெலிபோன் நினைவிருக்கிறதா? ஊரே இருளில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் ‘கொய்ங்’ என்று சத்தம் வரும். அந்தப் போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தைத் தொலைபேசி நிலையத்து பேட்டரியே கம்பி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. அதனால் இன்றைய ஃபைபர் லைனில் வரும் லேண்ட்லைன், கடையில் கரண்ட் போன நொடியே ஊமையாகிவிடும். இதற்கு மருந்து சுலபம்: 12 வோல்ட் ஃபைபர் பெட்டிக்கென்றே விற்கும் கையடக்க யு.பி.எஸ். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். வாங்கும்போது பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

செல்போன் டவருக்கும் இதே கதைதான். மின்சாரம் நின்றால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் வர வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையூர்கள் பட்ட பாடு தெரியும். அந்த மாதிரி நாளில் டீசல் கேன் டவர் வரை போய்ச் சேருமா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு சிம் இருக்கிறதே என்பீர்கள். அங்கேயும் கம்பக் கதை உண்டு. பல இடங்களில் ஒரே டவரில்தான் இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆன்டெனா தொங்குகிறது. ஒரே பேட்டரி, ஒரே டீசல். நம் ஊரில் எங்கெங்கே டவர் என்பதை அரசின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் பார்க்கலாம். எந்த நிறுவனம் எங்கே எடுக்கும் என்கிற வரைபடத்தையும் 2025 ஏப்ரல் முதல் நிறுவனங்கள் வெளியிட்டாக வேண்டும். வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர் போனை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பேசிப் பார்ப்பதே நல்ல சோதனை.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் ஆண்ட ஜாகீர் முறை ஒழிந்ததே 1976இல்தான். சாலை, கரண்ட் எல்லாமே அங்கே தாமதமாகத்தான் ஏறின; சிக்னலும் அப்படித்தான். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற வழியில் எந்த வளைவில் எந்தக் கம்பெனி எடுக்கும், எதில் அறுந்துபோகும் என்று பேருந்து ஓட்டுநர்களைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். கீழே நாட்டில் நெட் போனால் வியாபாரம்தான் கெடும். மலையில் ஒரு நாள் கூலியே போகும். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. அதை எடுக்க வங்கி முகவரின் கைரேகைக் கருவி முன்னால் பெண்கள் வந்து உட்காருவார்கள். ‘சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க’ என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டால், நாளைக்கு மறுபடி அதே நடை, அதே காட்டுவேலை இழப்பு. கருவிக்குள் ஒரே ஒரு சிம்மை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல முகவருக்கு உரிமை இல்லை என்பேன். வேறு டவரிலிருந்து வரும் இரண்டாவது சிம், கூரைமேல் டவரைப் பார்த்து நிறுத்திய வெளி ஆன்டெனாவோடு ஒரு ரவுட்டர், இரண்டும் தொழிலுக்கான முதலீடு. ‘சிக்னல் பூஸ்டர்’ என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதை மட்டும் வாங்காதீர்கள். உரிமமின்றி வைப்பது சட்ட விரோதம். உங்கள் கடைக்கு எடுக்கும், பக்கத்து ஊருக்குக் கெடுக்கும்.

சிக்னல் கிடைக்காத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அரசு நிதியில் எழுந்த டவர்களில் வேறு நிறுவனங்களின் சிம்மும் எடுக்கும் வசதியை 2025 ஜனவரியில் தொடங்கினார்கள். டான்ஃபிநெட் என்கிற அரசு நிறுவனம் வழியாக 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்பது தமிழக அரசின் திட்டம். ஃபைபர் வந்து டவர் எடுக்காத மலையூர்களில் ஒரு வழி இருக்கிறது: போன் செட்டிங்கில் ‘வைஃபை காலிங்’கைத் திறந்துவிட்டால், சிக்னல் கட்டை ஒன்றுகூட இல்லாமலே வைஃபையில் அழைப்பு வரும், போகும். போனும் சிம்மும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும். நிறைய பேர் போனில் இருந்தும் திறக்காமலே கிடக்கிறது.

நெட்டை விடப் போன் முக்கியமான தொழில்கள் நம்மிடம் நிறைய. மரச்சிற்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைப் பலகையில் எழுதியிருக்கும் ஒரே நம்பருக்குத்தான் வெளியூர்க்காரர் கூப்பிடுகிறார். அது ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றால் அடுத்த பட்டறையைக் கூப்பிடுவார். இதற்கு ‘கிடைக்காதபோது திருப்பிவிடு’ என்கிற கால் ஃபார்வர்டிங் போதும். திருப்பும் வேலை நிறுவனத்தின் பெரிய எக்ஸ்சேஞ்சில் நடக்கிறது. உங்கள் போன் செத்துக் கிடந்தாலும் அழைப்பு இன்னொரு எண்ணுக்குப் போய்விடும். ஆனால் சிக்னல் இருக்கும்போதே போட்டு வைக்க வேண்டும். மோசடிகளால் நட்சத்திரம்-எண் அடித்துத் திருப்பும் முறையை 2024 ஏப்ரல் 15 முதல் தொலைத்தொடர்புத் துறை நிறுத்திவைத்தது. போன் செட்டிங்கில் போய்ச் செய்யுங்கள். யாராவது கூப்பிட்டு ஏதோ ஒரு நம்பரை அடிக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள்.

காசு விஷயம். கியூஆர் அட்டைக்குக் கடையின் நெட் தேவையே இல்லை, வாடிக்கையாளர் போனில் இருந்தால் போதும். நமக்கு வேண்டியது காசு வந்ததா என்கிற உறுதி. அதைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டிக்குள் தனி சிம் இருக்கும். அது எந்தக் கம்பெனி என்று கேட்டு, உங்கள் போனில் வேறு கம்பெனி சிம் வையுங்கள். பெட்டி பேசாவிட்டால் வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள், எதிரே நீட்டுகிற திரையைப் பார்த்துச் சாமானைக் கொடுக்காதீர்கள். நெட்டே இல்லாத இடத்தில் *99# அடித்து 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். பட்டன் போனுக்கு 2022 மார்ச்சில் வந்த ‘யுபிஐ 123பே’ இருக்கிறது. இதெல்லாம் இருந்தும் 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 இரு நாட்களிலும் நாடு முழுக்க யுபிஐயே தடுமாறியது. கல்லாவில் சில்லறை வைத்திருந்த கடைதான் அன்று ஓடியது.

உரிமையும் உண்டு, கேட்பவர் குறைவு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு மாவட்டம் முழுக்கச் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவு, பிரீபெய்டுக்குக் கூடுதல் நாட்கள். கம்பி லைன் பழுது மூன்று நாளில் சரியாகாவிட்டால் அதற்கும் வாடகைக் கழிவு. புயல், வெள்ளத்துக்கு இது பொருந்தாது. புகார் எண் இல்லாமல் ‘லைன்மேன் தம்பி’யிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதும் கணக்கில் வராது.

சாட்டிலைட் இணையத்துக்காகச் சிலர் காத்திருக்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. மலைக்கு அது பெரிய வரம்தான். வரும் வரை மேலே சொன்னதைச் செய்யலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை சாத்த அரை மணி நேரம் முன்பு ஃபைபர் வயரைக் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்சையும் அணைத்துப் பாருங்கள். ஒரு பில் போடுங்கள், நூறு ரூபாய் வாங்குங்கள், கடை நம்பருக்கு வெளியிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். எது நின்றுபோகிறதோ அதற்கான மாற்றுதான் நீங்கள் வாங்க வேண்டியது. புகார் எண்ணையும் வாடிக்கையாளர் எண்ணையும் கல்லாவுக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள். நெட் போன நேரத்தில் அதை நெட்டில் தேட முடியாது.