வளவு மரத்தில் ஒரு வாங்கு

தேற்றாத்தீவுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இந்த உப்புக் காற்றில் இரும்பாணி நெடுநாள் நிலைப்பதில்லை. பொழுதுபோக்காகத் தச்சு வேலை பழகியபோது நான் செய்த முதல் வாங்கே இதைக் கற்பித்தது. மாரியில் சரிந்த வேம்பை அரிவித்து, ஈரம் காயுமுன்பே ஆணி அடித்துவிட்டேன். கச்சான் வீசத் தொடங்கியதும் பலகை வெடித்தது. அடுத்த மாரியில் ஆணியும் துருவேறி, மாமி இருந்தபோது கால் கழன்றது.

பச்சை மரம் காயும்போது நீளத்திலல்ல, அகலத்திலேயே சுருங்குகிறது. எனவே பலகைகளுக்கிடையே சிறு தடிகள் வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். நேர்வெயில் படக்கூடாது. ஈரம் நுனிகள் வழியாகவே விரைந்து வெளியேறும். அங்கே மெழுகோ பழைய பெயின்ற்றோ பூசினால் வெடிப்புக் குறையும். 1 அங்குலப் பலகையென்றாலும் கோடை முழுவதும் காயட்டும்.

தொடங்குவதற்கு வாள், உளி, மரச்சுத்தியல், மூலைமட்டம் போதும். இழைப்புளியை அயலில் இரவல் கேட்கலாம். உளியைக் கேளாதீர்கள், எந்தத் தச்சரும் தரமாட்டார்!

காலின் தலையை நாக்குப்போலச் செதுக்கி, பலகையில் அதே அளவு துளையிட்டு இறுக்குங்கள். நாக்கை நடுவில் வாளால் கீறி ஆப்பு அடித்தால் ஆணியே வேண்டாம். ஆப்பு பலகையின் நாருக்குக் குறுக்காக நிற்கவேண்டும். நாரோடு நின்றால் பலகை பிளந்துவிடும்.

பழகுவதற்கு வேம்பும் பூவரசும் போதும். பலாவும் ஈரப்பலாவும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது.

எனது இரண்டாவது வாங்கு பூவரசு. ஆணியில்லை, ஆட்டமுமில்லை. மாமி மட்டும் இன்னும் அதில் இருந்து பார்க்கவில்லை.