ஆடவரும் மார்புப் புற்றுநோயும்

மார்புப் புற்றுநோய் பெண்களுக்கு மட்டுமே உரியது என்னும் கருத்து கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. உடற்கூற்றியல் அக்கருத்துக்கு இடமளிப்பதில்லை. ஆணின் முலைக்காம்பின் பின்னாலும் வளர்ச்சி குன்றிய கான்களும் சிறிதளவு மார்பிழையமும் உள்ளன. அவற்றின் கலங்களும் கட்டுப்பாடிழந்து பெருகக்கூடியவையே. மார்புப் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவர் ஆணாவார்.

இந்நோய் பெரும்பாலும் 60 வயதைக் கடந்தோரிடமே காணப்படுகின்றது. 1995 இல் இனங்காணப்பட்ட பி.ஆர்.சி.ஏ.2 என்னும் பரம்பரையலகில் நேரும் மாற்றம் இதன் காரணிகளுள் முக்கியமானது. அம்மாற்றம் தந்தையிடமிருந்து மகளுக்கும் செல்லலாம். ஆதலின், தந்தையின் நோய் அறியப்படாது போயின் மகளுக்குரிய எச்சரிக்கையும் இழக்கப்படுகின்றது. மேலதிக எக்ஸ் நிறமூர்த்தத்துடன் பிறத்தலும், ஈரல் நோயினால் ஈஸ்திரோஜன் ஓமோனின் விகிதம் உயர்தலும் ஏனைய காரணிகளாம்.

நோவற்ற கட்டி, உள்ளிழுக்கப்பட்ட காம்பு, குருதிக் கசிவு என்பன இதன் அறிகுறிகள். ஆணின் சிறிய மார்பிற் கட்டி எளிதிற் புலப்படும். எனினும் பலர் நோய் முற்றிய பின்னரே வைத்தியரை நாடுகின்றனர். அறியாமையும் நாணமுமே இத்தாமதத்தின் காரணங்கள் எனலாம்.

இந்நோய்க்குச் சமூகப் பரிமாணமும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள லெஜூன் மரைன் படைமுகாமின் குடிநீரில் 1950களிலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை திரைகுளோரோஎதிலீன், பென்சீன் முதலிய இரசாயனங்கள் கலந்திருந்தன. அங்கு வாழ்ந்த ஆடவர் பலர் பிற்காலத்தில் மார்புப் புற்றுநோய்க்கு ஆளாயினர். தம்மையொத்தோரைத் தாமே தேடித் திரட்டி நீதி கோரினர். 2015 இல் வெளியான அரசாங்க ஆய்வொன்று மாசுக்கும் நோய்க்குமிடையே தொடர்பிருக்கலாம் எனச் சுட்டியது. ஆயின் நோயாளர் தொகை சிறிதாகையால் அதனை ஐயந்திரிபற நிறுவ இயலவில்லை. அரிய நோயாளரின் இடர்ப்பாடு இதுவே: எண்ணிக்கை குறைவென்பதனால் அவர்தம் கூற்றுக்குச் சான்றும் குறைவாகின்றது. எனினும், இவ்வாய்வுக்கு முன்னரே, 2012 இல் இயற்றப்பட்ட சட்டம் அம்முகாமில் வாழ்ந்தோருக்கு மருத்துவ உதவி வழங்கும் நோய்களுள் மார்புப் புற்றுநோயையும் சேர்த்தது.

மருந்துப் பரிசோதனைகளிலும் இந்நிலையே காணப்பட்டது. அவற்றுள் ஆடவர் நெடுங்காலம் சேர்க்கப்படாமையால், பெண்களிடம் பெற்ற முடிவுகளைக் கொண்டே அவர்களுக்குச் சிகிச்சை வகுக்கப்பட்டது. சத்திரசிகிச்சையும் தமொக்சிபென் மருந்தும் இன்றும் பெரும் பயன் தருகின்றன. ஆயின் அவை உரிய காலத்திற் கிடைப்பதற்கு, மார்பிற் கட்டியுடன் வரும் ஆணையும் ஐயத்துடன் பரிசோதிக்கும் வழக்கம் வைத்தியரிடமும், தயங்காது அவரை நாடும் துணிவு ஆடவரிடமும் ஏற்படுதல் வேண்டும்.