அப்பாயியின் பேர்

அப்பாயிக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் அந்தத் தடத்தைப் பார்த்தேன். உச்சிக்குச் சற்று முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடியே முளைக்காத ஒரு கோடு. கொழுந்துக் கூடையின் கயிறு நாற்பது வருஷம் அழுத்திய இடம். விரலை வைத்தால் அங்கே லேசாகக் குழிந்திருப்பது தெரியும். "மெதுவா தேயி தாயி. அதுலதான் நம்ம வீட்டுச் சோறு தொங்குச்சு" என்பாள்.

ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், 1934இல் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் பேர் பதிந்தாள். மலையகத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. விடிவதற்குள் தப்புச் சத்தம் கேட்கும். பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கொழுந்து சொன்ன ராத்தலுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். இடுப்பில் படங்கு, காலில் அட்டை, வயிற்றில் என் அப்பா என்று அவள் மலை ஏறிய நாட்களிலும் அரைப்பேர் விழுந்திருக்கிறது. முழுப்பேர் விழுந்தாலும் ஆணுக்குள்ள கூலி பெண்ணுக்கு இல்லை. அது சமமானது 1984இல். அப்போது அப்பாயிக்கு வயது ஐம்பது.

அவளுக்குச் சொல்லத் தெரிந்த கதைகளில் பெரியது அவளுடைய அப்பாயி நடந்து வந்த கதை. 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட நாளிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமைக்கு ஆள் கட்டிய கங்காணிகள் மன்னார்க் கரையில் சனங்களை இறக்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். வாந்திபேதி, காய்ச்சல், பசி. விழுந்தவர்களைத் தூக்கிச் சுமக்க யாருக்குத் தெம்பு இருந்தது? கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம். 1869இல் தொடங்கிய இலை நோயில் கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகு அது முடியவில்லை. தேயிலை வருஷம் முழுக்கத் துளிர்க்கும், வருஷம் முழுக்கக் கை கேட்கும். அதனால்தான் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு வந்தார்கள். அப்பாயியின் அப்பாயியும் அப்படித் தாய் தகப்பனோடு நடந்து வந்த சிறுமி. வழியில் அவளுடைய கைக்குழந்தைத் தம்பி இறந்துபோனான். ஒரு மரத்தடியில் துணி சுற்றி வைத்துவிட்டு எல்லோரும் நடந்தார்களாம். இன்னும் பேர் வைக்காத பிள்ளை.

படையல் நாளில் அப்பாயி முன்னோருக்கு ஐந்து இலை போடுவாள். பிறகு சற்றுத் தள்ளி, சின்னதாக ஆறாவது இலை ஒன்று. அதில் சோறு வைக்க மாட்டாள், பால் மட்டும்தான்.

நாடும் அவளுக்குப் பேர் வைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. பிறந்த மண்ணிலேயே நாடற்றவளானாள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 இலட்சம் பேர் என்று பிரித்தார்கள். மூட்டை பிரிப்பது போல மனிதரைப் பிரித்த கணக்கு அது, இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. அவள் தம்பி ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, நீலகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலையிலேயே வேலை செய்தான். அப்பாயிக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது. அவள் போகவில்லை. அடுத்த கவ்வாத்து முடியட்டும், மகள் பிள்ளைப்பேறு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். 1984இல் கப்பல் நின்றுபோனது. பாஸ்போட் தகரப் பெட்டியில், சீலைகளுக்கு அடியில் கிடந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் இலங்கைப் பிரசை ஆனாள். முதன்முதலாக வாக்குப் போட்டுவிட்டு வந்து, மை பூசிய விரலை இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்தாள்.

இப்போது நான் பாடசாலையில் தினமும் வரவுப் புத்தகத்தில் என் பேரை எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். எங்கள் வீட்டில் கொழுந்துக்குப் போகாத முதல் பெண் நான். தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான். மலையில் கூடை குறைந்து, உரப்பையில் தைத்த படங்குப் பை தொங்குகிறது, ராத்தல் கிலோவாகிவிட்டது, கை குறைந்த மலைகளில் மானாப்புல் ஏறுகிறது. நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் ரோட்டில் நின்று, 2021இல்தான் அதைக் கண்டோம். அரைப்பேர் இன்னும் இருக்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், பணிய லயம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. தகரத்துக்கு மேல் கல்லை வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் மண் சரியுமோ என்று விழித்துக்கொண்டு.

2023இல், நாங்கள் இங்கே வந்த இருநூறாவது வருஷத்தில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடையில், கடைசி நாள் நானும் சேர்ந்துகொண்டேன். தார் ரோடு, வழியெல்லாம் தண்ணீர்ப் போத்தல், மோர். எனக்கு அரை நாளில் கால் கொப்பளித்துவிட்டது. பெரிய மரங்களைக் கண்டபோதெல்லாம் அடியில் பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்பாயி இருந்திருந்தால் எந்த மரமாக இருக்கும் என்று கேட்டிருப்பாள்.

அந்த வருஷப் படையலுக்கு இலை போட்டது நான். தம்பி மகள், ஏழு வயது, பக்கத்தில் குந்தி எண்ணிக்கொண்டிருந்தாள். "அத்தை, அந்தக் குட்டி இலை யாருக்கு?" என்றாள். கிண்ணத்தில் பாலை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். "தம்பிப் பாப்பாவுக்கு."

"அவன் பேரு என்னா?"

"நீ ஒன்னு வைய்யி" என்றேன்.