ஓட வைத்தால் போதுமா?

சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டிப் பார்க்கும் ஆசை உலகத்தில் எங்கும் உண்டு. யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-ல், ஜப்பானில் ஹமாமட்சு நகரில் ஹோண்டா சோயிசிரோ என்பவர், ராணுவ ரேடியோக்களுக்கு மின்சாரம் கொடுத்து வந்த சின்னஞ்சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் மாட்டி விற்றார். ஹோண்டா கம்பெனிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. இன்றும் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து இந்தக் காரியத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வண்டியை ஓட வைப்பதில் இருக்கும் சிரத்தை, அதை நிறுத்துவதில் பலருக்கு இருப்பதில்லை.

"சைக்கிளில்தான் பிரேக் இருக்கிறதே!" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும், சுமார் 1¼ மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. வேகம் இரட்டித்து 36 ஆனால், உயரம் நாலு மடங்காகி 5 மீட்டரைத் தொட்டுவிடும். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து விழுகிற மாதிரி! அவ்வளவு சக்தியையும் உராய்ந்து தீர்க்க வேண்டியவை விரல் அளவு ரப்பர் கட்டைகள். மழையில் ரிம் நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் கெட்டிக்காரர்களுக்கு ஒரு யோசனை உதிக்கிறது. எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓர் இடைத்தண்டு சுழல்கிறதல்லவா? அதில் பிரேக்கை வைத்தால் என்ன? தண்டில் 11 பல், சக்கரத்தில் 44 பல் என்றால், தண்டில் கொடுக்கும் பிடி சக்கரத்தில் நாலு மடங்காகப் பேசும். சிறிய பிரேக்கே போதும். யோசனை தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழி செயின் ஒன்றுதான். செயின் அறுந்தால் பிரேக்கும் அதோடு போயிற்று. செயினோ, பாரம் மிகும் நேரம் பார்த்துத்தான் அறும்.

இன்னொரு சூட்சுமம். ஓடும்போது இழுபடுவது செயினின் மேல் பக்கம். பிரேக் பிடித்ததும் இழுப்பு கீழ்ப் பக்கத்துக்கு மாறுகிறது. தொய்வை எடுக்க ஸ்பிரிங் உருளை வைக்கிறவர்கள் அதைக் கீழ்ப் பக்கத்தில்தான் வைப்பார்கள். பிரேக் விழுந்ததும் உருளை ஒதுங்கும். மேல் செயின் தொளதொளத்துப் பல்லை விட்டுத் தாவும். நடுவில் ஃபிரீவீல் இருந்தாலோ, அதுவும் இல்லை. தண்டு நின்றுவிடும்; சக்கரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்!

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு 'மாடல் டி' காரிலும் இதே கதைதான். கால் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பெட்டிக்குள் சுழலும் டிரம்மைப் பட்டையால் இறுக்கும். நடுத்தண்டு முறிந்தால் பெடலை மிதித்துப் பயனில்லை, கைப்பிரேக்கே கதி. அதனால் பின் சக்கரங்களுக்குத் தனி பிரேக் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அநேகர்.

ஆகவே இடைத்தண்டு பிரேக் இருக்கட்டும், உதவிக்கு மட்டும். பிரதான பிரேக் சக்கரத்திலேயே இருக்க வேண்டும். அதிலும் முன் சக்கரத்தில். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னே சாய்வதால், பின் சக்கரம் லேசாகி எளிதில் சறுக்கும். நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. ஹப்புக்குள் டிரம் பிரேக் உள்ள சக்கரம் கிடைத்தால் விடாதீர்கள். மழைக்கு அது அவ்வளவாக அஞ்சாது. பழைய முன் ஃபோர்க் அந்த இழுப்பைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. எஞ்சின் செயினைக் கழற்றி வைத்துவிட்டு, சமதரையில் வண்டியை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போய் பிரேக்கைப் பிடியுங்கள். வண்டி நின்றால் செயினை மாட்டலாம். நிற்கவில்லையா? அன்றைக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டாம்.