மோட்டார் ரிப்பேர் தெரியும், இன்டர்வியூ பயம்: ஐ.டி.ஐ. மாணவருக்கு எந்த இங்கிலீஷ் வேண்டும்?

எலக்ட்ரீஷியன் டிரேடில் இரண்டு வருடம் படித்த மாணவரிடம், மோட்டார் ஏன் சூடாகிறது என்று கேட்டுப் பாருங்கள். “ஓவர்லோடா இருக்கும் சார், இல்லைன்னா பேரிங் போயிருக்கும்” என்று பட்டென்று சொல்வார். அதையே இன்டர்வியூவில் இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். கைத்தொழில் தெரிந்தும் வேலை கைநழுவுவது இங்கேதான்.

எங்கே சிக்கல்?

பத்தாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷ், பெரும்பாலும் எழுதித் தேர்வதற்கானது. ஐ.டி.ஐ.க்களில் எல்லா டிரேடுக்கும் பொதுவாக ‘எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்’ பாடம் உண்டு. அதில் இங்கிலீஷும் இருக்கிறது. ஆனால் ஃபிட்டருக்கும் பியூட்டிஷியனுக்கும் பணியிடப் பேச்சு ஒன்றல்ல.

முதலில் என்ன கேட்க வேண்டும்?

டாம் ஹட்சின்சன், ஆலன் வாட்டர்ஸ் இருவரும் 1987-ல் எழுதிய நூல், தொழில்சார் இங்கிலீஷ் கற்பித்தலில் இன்றும் பேசப்படுகிறது. வேலைக்கு எது அவசியம், மாணவரிடம் எது குறைவு, அவர் எதை விரும்புகிறார் என்ற மூன்றையும் பார்க்கச் சொல்கிறது அது. கூடவே, அவர் எப்படிக் கற்றுக்கொள்வார் என்பதும் முக்கியம் என்கிறது.

எலக்ட்ரீஷியனையே எடுத்துக்கொள்வோம். வோல்டேஜ், ஃபியூஸ், எர்த், ஷார்ட் சர்க்யூட் எல்லாம் அவர் வாயில் ஏற்கெனவே புழங்கும் வார்த்தைகள். குறைவது, அவற்றைக் கோக்கும் வாக்கியம்தான். எனவே ‘மை செல்ஃப்’ என்று ஆரம்பிக்கும் மனப்பாடத்தைவிட, தெரிந்த வார்த்தையிலிருந்து தொடங்குவதே எளிது.

பாடம் எப்படி இருக்கும்?

வகுப்பறையை விட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். ஒருவர் மெஷினைச் சோதிக்கிறார். இன்னொருவர் சூப்பர்வைசராக போனில் கேட்கிறார். பதில் நான்கே வாக்கியம்: ‘தேர் இஸ் நோ சப்ளை. ஐ செக்ட் தி ஃபியூஸ். இட் இஸ் ப்ளோன். வீ ஹேவ் டு ரிப்ளேஸ் இட்.’ என்ன கோளாறு, எதைப் பார்த்தேன், என்ன செய்யணும். இந்த வரிசை பிடிபட்டால், அதையே வேறு கோளாறுகளுக்கும் மாற்றிச் சொல்லலாம்.

பேசக் கூச்சப்படுபவர் முதலில் தன் மொபைலில் பதிவு செய்து கேட்கட்டும். பிறகு ஜோடியாக, கடைசியில்தான் எல்லார் முன்னாலும். ஆரம்பத்தில் தமிழ் கலந்தாலும் தப்பில்லை.

கட்டாயம் வேண்டிய ஒரு வாக்கியம்

‘குட் யூ ரிப்பீட் தட், சார்?’ சப்ளையை ஆஃப் செய்யச் சொன்னார்களா, ஆன் செய்யச் சொன்னார்களா என்று புரியாமல் தலையாட்டினால், மின்சார வேலையில் அது உயிருக்கே ஆபத்து. திருப்பிக் கேட்பது அவமானமில்லை என்பதையும் பாடமே சொல்லித்தர வேண்டும்.

மார்க் எப்படிப் போடுவது?

‘ஐ செக் தி ஃபியூஸ் எஸ்டர்டே’ என்றால் இலக்கணம் பிசகுதான். ஆனால் சூப்பர்வைசருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதல் மார்க் அதற்கு, திருத்தம் அப்புறம். பேசி முடிக்கும் முன்பே திருத்தினால், அடுத்த முறை அவர் வாயே திறக்கமாட்டார்.