உடற்பயிற்சி ஆசானுக்கு ஒரு தேர்வு

வலிமை மிக்கவன் எவனோ அவனே பிறருக்கு வலிமை கற்பிக்கத் தக்கவன் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி நிற்கின்றது. அஃது எத்துணைப் பிழையுடையது என்பதைத் திண்டிவனத்தைச் சேர்ந்த என் நண்பர் ஒருவரின் முழங்கால் எனக்குக் கற்பித்தது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வைகறையில் விளையாட்டுத் திடல்களுக்குச் செல்வோர், காவலர் தேர்வையும் படைச் சேர்க்கையையும் கருதி ஓடிப் பழகும் இளைஞர் பலரைக் காணலாம். காவலர் தேர்வில் ஆடவர் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள் ஓடி முடித்தல் வேண்டும். என் நண்பரும் அங்ஙனம் பழகியவரே. அவரைப் பழக்கியவர் திரண்ட தோளினர்; ஆயின் அக்கலையை முறையாகக் கற்றவரல்லர். முதல் வாரத்திலேயே பெரும்பளுவைத் தோளிலேற்றி உட்கார்ந்தெழச் செய்தார். நண்பர் வலிக்கின்றது என்றபோது, "வலித்தால்தான் வளரும்" என்றார். முழங்கால் வீங்கிற்று, அவ்வாண்டுத் தேர்வும் கைநழுவிற்று. அந்நண்பரே இப்பொழுது உடற்பயிற்சி ஆசானாதற்குரிய சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்து வருகின்றார். அத்தேர்வின் இயல்பை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கல்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்தியக் குழுவை நடத்திச் சென்றவரும் அவரே. அப்பள்ளி இன்று நந்தனத்தில் கல்லூரியாக விளங்குகின்றது. 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் தோன்றிற்று. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அமைந்தது. பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் பட்டப் படிப்பை மேற்கொள்வர். உடற்பயிற்சிக் கூடங்களில் தனியாட்களைப் பழக்க விரும்புவோர் குறுகிய காலச் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுவர். என் நண்பர் மேற்கொண்டது பின்னதாகும்.

இத்தகைய தேர்வுகளில் அறியவேண்டுவன ஐந்தென வகுக்கலாம். முதலாவது, உடலமைப்பு. வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. தசைகள் 600-க்கு மேற்பட்டவை. பெயர்களை நெட்டுருச் செய்தல் மட்டும் போதாது. ஓர் அசைவில் எத்தசை சுருங்குகின்றது, எம்மூட்டு பளுவைத் தாங்குகின்றது என்று கூறல் வேண்டும். இரண்டாவது, பயிற்சியின் அளவு. கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிவந்து, அது காளையாய் வளர்ந்தபின்னும் தூக்கினான் என்பது பழங்கதை. பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றுக என்பதே அதன் பொருள். இதயத் துடிப்பின் உச்சத்தை 220-இலிருந்து வயதைக் கழித்து மதிப்பிடுவர். இருபது வயதினனுக்கு அது 200. இது மதிப்பீடேயன்றி ஆளுக்கு ஆள் மாறாத விதியன்று. மூன்றாவது, உணவு. ஒரு கிராம் மாவுப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறக்குறைய 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். நான்காவது, முன்விசாரணை. மார்புவலி, மயக்கம், பழைய காயம், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை வினவி, ஐயமுண்டாயின் மருத்துவரிடம் அனுப்புதல் ஆசானின் கடன். ஐந்தாவது, முதலுதவி. இதயம் நின்றவனுக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்தி, 30 அழுத்தங்களுக்கு இருமுறை மூச்சளித்தல் வேண்டும். இதனைக் கையால் செய்து பழகாது ஏட்டில் மட்டும் படித்தல் பயனற்றது.

நண்பர் நாள்தோறும் திண்டிவனத்திலிருந்து புகைவண்டியில் விழுப்புரம் செல்பவர். மயிலம் வருமுன் எலும்புகள், விக்கிரவாண்டி வருமுன் தசைகள், முண்டியம்பாக்கத்தில் முதலுதவி என வழியையே பாடத்திட்டமாக்கிக் கொண்டார். விடுமுறை நாட்களில் நான் வினவ, அவர் விடை கூறுவார். நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் அவரிடம் பழக வரும் சிற்றூர் இளைஞர் தமிழரன்றோ! ஆதலின் டெண்டன் என்பதைத் தசைநாண் என்றும், லிகமெண்ட் என்பதை எலும்பிணைக்கும் நார் என்றும் இருவரும் ஏட்டில் எழுதிவைத்தோம். தமிழ் பயிலும் எனக்கு அதனினும் பயனுள்ள பாடம் அண்மையில் வாய்த்ததில்லை. பிறனுக்கு விளங்கச் சொல்ல இயலாத ஒன்றைத் தாமும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதை நண்பரும் பலமுறை உணர்ந்தார்.

ஒருநாள், "இத்தேர்வில் மிகக் கடினமான வினா எது?" என்று கேட்டேன். அவர் தம் முழங்காலைத் தடவிக்கொண்டே, "எப்பொழுது நிறுத்தவேண்டும் என்பதே" என்றார்.

நண்பர்காள்! நம்முள் வலிமை வாய்ந்தோர் பலர் உளர். தம்பியரும் அண்டை வீட்டுச் சிறுவரும் அவர்களைப் பின்பற்றிப் பழக வருவர். அவர்களை ஓடு என்று ஏவுதற்குமுன் சில வினாக்களை வினவுவோமாக; வலிக்கின்றது என்று அவர்கள் சொல்லுங்கால் செவிசாய்ப்போமாக. தன் உடலைத் திருத்தியவன் வீரன். பிறன் உடலுக்குக் கேடு வாராது காப்பவனே ஆசான்.