இருதயத்தைக் காக்கும் கதவு

கொலஸ்ட்ரால் என்றதும் நம் வீடுகளில் நெய்ச் சாடியின் மீதுதான் பழி விழுகிறது. ஆனால், நெய்யையே காணாத குழந்தைக்கும் பத்து வயதுக்குள் மாரடைப்பு வருவது உண்டு. பரம்பரையாக வரும் அந்த வியாதியில், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். என்ற துகள் சாதாரண அளவைப்போல் ஆறு மடங்குக்கு மேலும் பெருகிவிடும். முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையைப் பெற்ற இத்தகைய குழந்தை லட்சக்கணக்கில் ஒன்றுதான். எனினும், அந்த ஒன்றை ஆராய்ந்ததன் பலன் நம் அனைவருக்கும் கிடைத்திருக்கிறது.

ஆராய்ந்தவர்கள் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு வைத்தியர்கள். அமெரிக்காவில் டாலஸ் நகரத்து வைத்தியக் கலாசாலையில், நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த ஜீவ அணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். நல்ல அணுவுக்கு எல்.டி.எல். கிடைத்தால், தானே கொலஸ்ட்ரால் செய்வதை நிறுத்திக்கொள்கிறது. நோயுற்ற அணுவோ எவ்வளவு கொடுத்தாலும் நிறுத்துவதில்லை. உள்ளேயிருக்கும் தொழிற்சாலைதான் பழுதோ? கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து விட்டார்கள். அது தானாகவே உள்ளே புகுந்தது. உடனே நோயுற்ற அணுவும் வேலையை நிறுத்திற்று! ஆகவே தொழிற்சாலை பழுதில்லை, கதவுதான் பழுது. வெளியே மூட்டை மூட்டையாகச் சரக்குக் கிடக்க, அணு உள்ளே பட்டினி கிடந்திருக்கிறது. இது 1973-ல் தெரிந்தது. 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கதவு என்றேனே, அதற்கு 'ஏற்பி' என்று பெயர். அணுவின் மேற்புறத்தில் நிற்கும் ஒரு புரதம் அது. அருகில் வரும் எல்.டி.எல். துகளை ஏற்பி பற்றிக்கொள்ளும். அந்த இடம் குழிந்து, சிறு பையாகி உள்ளே இறங்கும். துகள் ஒன்றில் 1,500-க்கு மேற்பட்ட கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் அடங்கியிருக்கும். சரக்கை இறக்கிவிட்டு ஏற்பி மறுபடி மேலே வந்து நிற்கும். போய்வரச் சுமார் பத்து நிமிஷம். நம் ரயில் நிலையத்துப் போர்ட்டர்கள்கூட இவ்வளவு சுறுசுறுப்பில்லை.

இத்தகைய ஏற்பிகள் மிகுதியாக இருப்பது ஈரலில். அவை குறைந்தால் துகள்கள் ரத்தத்திலேயே வெகு நேரம் தங்கி, இருதயத்துக்குச் செல்லும் குழாய்களின் சுவரில் படிகின்றன. 1984-ல் பிட்ஸ்பர்க் நகரில், இந்த வியாதியால் இருதயம் சிதைந்த ஆறு வயதுச் சிறுமிக்கு இருதயத்தோடு ஈரலையும் மாற்றி வைத்தார்கள். ஆயிரத்தைத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் முந்நூறு அளவுக்கு இறங்கிற்று. அந்தக் குழந்தை மேலும் ஆறு வருஷங்கள் ஜீவித்தது.

ஈரல் கொலஸ்ட்ராலால் நிரம்பிவிட்டால் தன் கதவுகளைக் குறைத்துக்கொள்ளும். நெய்ச் சாடியின் மீது ஓரளவு பழி நியாயந்தான்! நேர்மாறாக, ஈரல் தானே கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுத்தால், வெளிச்சரக்கை நாடி அது புதிய கதவுகளைத் திறக்கும். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பச்சைப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இதைத்தான் செய்தது. இன்று லட்சோபலட்சம் பேர் உட்கொள்ளும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் வமிசம் அதிலிருந்து தொடங்கியது.

கதவை உடைக்கும் எதிரியும் உடலிலேயே உண்டு. பி.சி.எஸ்.கே.9 என்ற அந்தப் புரதம் ஏற்பியைப் பற்றிக்கொண்டால், ஏற்பி மேலே திரும்புவதில்லை, உள்ளேயே அழிந்துபோகும். பிறவியிலேயே இந்தப் புரதம் குறைந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே எல்.டி.எல். 28 சதவிகிதமும், இருதய நோய் 88 சதவிகிதமும் குறைந்திருந்ததாக 2006-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. அதை அடக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் வழக்கத்தில் இருக்கின்றன. ஆனால், ஏற்பியே அடியோடு இல்லாத குழந்தைக்கு இந்த ஊசியால் பயனில்லை. காப்பதற்கு அங்கே கதவு ஏது? அத்தகைய குழந்தைகளின் ரத்தத்தை வாரந்தோறும் அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை இயந்திரத்தில் செலுத்தி, எல்.டி.எல்.லை வடிகட்டி எடுக்கிறார்கள்.